கமலா வீட்டு வாசல் வெயில்

எனக்கு ரத்தம் எடுப்பது யாருக்கும் எளிதான வேலை இல்லை. நரம்பு தோலுக்கு அடியில் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் புறங்கையில் எடுத்து அனுப்புவார்கள். சிங்கப்பூருக்குள்ளேயே தெம்பனிஸுக்கு வீடு மாறிய பிறகு பக்கத்து மருந்தகத்துக்கு முதல் தடவை போனேன். அங்கே இருந்த இளம் தாதி என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பி, "ஃபஸீலாக்கா, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டார்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் சாம்பல் நிற முக்காடு, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கையுறை போடும் முன் அவர் விரல் நுனிகளைக் கவனித்தேன். பச்சையும் கறுப்புமாகக் கறை.

"மருதாணியா?" என்று கேட்டேன்.

"தக்காளி இலை. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாது" என்றார். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் ஊசி உள்ளே போய் ரத்தம் குழாயில் ஏறிவிட்டது.

ஃபஸீலா எனக்கு அப்படித்தான் அறிமுகமானார். பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் அவரையே கேட்டு வாங்கிக்கொண்டேன். தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மிச்சத்தை அவர் வீட்டுக் காரிடாரில் நின்று நானே பார்த்தேன்.

ஃபஸீலா பிறந்து வளர்ந்தது தேக்கா பக்கம். அவர் வாப்பா தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். இப்போது தம்பி முஆத் அதை நடத்துகிறார். சின்ன வயதிலிருந்தே ஃபஸீலாவுக்குத் தக்காளி என்றால் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து லாரியில் ஏறி, பாலம் கடந்து, பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் பொருள். அது செடியில் காய்ப்பது என்பது தெரியும். ஆனால் பார்த்தது கிடையாது, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

முதல் செடி தானாகத்தான் வந்தது. அழுகிய தக்காளிகளைப் பிசைந்து கறிவேப்பிலைத் தொட்டியில் உரமாகப் போட்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு நாற்று முளைத்தது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டு வைத்தார். அது ஃபஸீலா உயரத்துக்கு வளர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூத்த மூன்றாம் நாள் காம்போடு ஒடிந்து கீழே விழுந்தது. மறுபடி பூத்தது, மறுபடி விழுந்தது. காலையில் காரிடாரைப் பெருக்கினால் முறம் நிறையப் பூ.

"இந்த ஊர்ல அது காய்க்காது லாத்தா" என்றார் முஆத் அக்காவிடம். "ராத்திரியிலகூட வேர்க்குது. தக்காளிக்குக் குளிரணும். உனக்கு வேணும்னா சொல்லு, நான் ஒரு பெட்டி அனுப்புறேன்."

கணவர் ஜமால் முகம்மது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவரும் அதையேதான் சொன்னார். ஃபஸீலாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக, மற்றவர்கள் "இந்தக் கையில் நரம்பு கிடைக்காது" என்று விட்ட இடத்தில் தேடி எடுப்பதுதான் அவர் வேலை. கிடைக்காது என்று யாராவது சொன்னால், சரியான இடத்தில் தேடவில்லை என்றுதான் அவர் காதில் விழும்.

தேடினார். கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். இரவு வெப்பம் இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் தூள் ஒட்டிக்கொண்டு உதிராது. பெரிய ரகங்கள் இங்கே பிழைக்காது, வெயில் தாங்கும் சின்ன ரகங்கள் பிழைக்கலாம். இதெல்லாம் புரிந்தது. சின்ன ரக விதை வாங்கிப் போட்டார். அதுவும் நெட்டையாக, வெளிறிப்போய் வளர்ந்து நின்றது. அப்போதுதான் அடிப்படையான விஷயம் ஒன்று உறைத்தது. அவர் வீட்டு வாசலில் வெயிலே இல்லை. மின்தூக்கிச் சுவரின் நிழல் காலை முழுக்க அவர் கதவின்மேல்தான் விழும். காரிடாரில் நல்ல வெயில் அடிப்பது ஒரே இடத்தில். அது அடுத்த வீட்டு வாசல். காலை எட்டு மணிக்கு ஏறினால் பகல் சாப்பாட்டு நேரம் வரை அங்கே இறங்காது.

அந்த வீட்டோடுதான் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த வீட்டில் கமலாவும் அவர் கணவர் சேதுபதியும் இருந்தார்கள். சேதுபதி செம்பவாங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கமலா ஃபஸீலாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக் கிரில் கதவும் பூட்டியே இருக்காது. நோன்புக் கஞ்சி இந்தப் பக்கமிருந்து போகும், தீபாவளிக்கு அச்சுமுறுக்கு அந்தப் பக்கமிருந்து வரும். கமலா வாசலில் அப்போது இருபது முப்பது தொட்டி இருந்தது. செம்பருத்தி, மல்லிகை, துளசி, கற்பூரவல்லி எல்லாம்.

டெங்கி கடுமையாக இருந்த ஒரு வருடம், அந்த அடுக்குமாடி புளோக்கிலேயே நாலைந்து பேர் படுத்தார்கள். ஒரு நாள் மின்தூக்கியில் ஃபஸீலா சாதாரணமாகச் சொன்னார், "தொட்டித் தட்டுல தண்ணி நிக்குதுக்கா, பாத்துக்கோங்க." அடுத்த வாரமே அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். கமலாவின் மல்லிகைத் தொட்டித் தட்டில் கொசுப் புழு இருந்தது. அபராதம் போட்டார்கள். அதே மாதம் சேதுபதிக்கே டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்தார். அக்கம்பக்கத்தில், அவங்க வீட்டுத் தொட்டியாலதான் எல்லாருக்கும் வந்துச்சு என்று பேச்சு கிளம்பியது.

ஃபஸீலாதான் புகார் கொடுத்தார் என்று கமலா முடிவு கட்டிவிட்டார். ஒரே நாளில் எல்லாத் தொட்டியையும் கீழே இறக்கிக் குப்பை மையத்தில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

"நான் சொல்லலைன்னு அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஃபஸீலா என்னிடம். "ஆனா கேட்காத கேள்விக்குப் போய்ப் பதில் சொன்னா, குற்றம் பண்ணவங்க மாதிரிதானே இருக்கும்? அதோட எனக்கும் கோவம். இத்தனை வருஷம் பழகிட்டு என்னைப் போய் இப்படி நினைச்சாங்களேன்னு."

ஐந்து வருடம் ஓடிவிட்டது. மின்தூக்கியில் பார்த்தால் இருவரும் எண்கள் ஏறுவதைப் பார்ப்பார்கள். சேதுபதி மட்டும் தலையசைப்பார்.

தக்காளிச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை ஃபஸீலா அந்தக் கதவைத் தட்டினார். திறந்தது சேதுபதி.

"அண்ணே, ஒரு உதவி. உங்க வாசல்ல வெயில் அடிக்குது. எங்க பக்கம் இல்ல. ரெண்டு தொட்டி வச்சுக்கட்டுமா? நடக்கிற வழியை மறைக்காம வச்சுக்குவேன்."

சேதுபதி திரும்பி உள்ளே பார்த்தார். கமலா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வெயில் என்ன நம்ம பேர்லயா எழுதி வச்சிருக்கு? வச்சுக்கச் சொல்லுங்க" என்றார் கணவரிடம். பிறகு, "தண்ணி தேங்காமப் பாத்துக்கச் சொல்லுங்க. அப்புறம் யாராவது கம்ப்ளெயின் பண்ணிடப் போறாங்க."

அந்தக் கடைசி வார்த்தை யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். ஃபஸீலா தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் தட்டே வைக்கவில்லை. செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே பழைய துணி போட்டு, வழிகிற நீரைத் துடைத்து எடுத்தார்.

வெயில் பட்டதும் செடி மாறியது. தண்டு தடித்தது, இலை கரும்பச்சையானது. பூவும் வந்தது. ஆனால் நிற்கவில்லை. செடியைத் தட்டி உலுக்கினால்தான் உள்ளேயிருக்கும் தூள் உதிரும் என்று வீடியோவில் சொன்னார்கள். ஃபஸீலா வேலைக்குக் கிளம்பும் முன் உலுக்கினார். அந்நேரம் பூ நனைந்து மூடிக்கிடக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு உலுக்க வேண்டும். அப்போது ஃபஸீலா மருந்தகத்தில் யாருடைய கையையாவது தடவிக்கொண்டிருப்பார். கணவரும் வீட்டில் இல்லை.

சேதுபதி காலை நடைக்குப் போயிருக்கும் அந்த நேரத்தில் அந்தக் காரிடாரில் இருக்கிற ஒரே ஆள் கமலா. அவரிடம் போய் என் பூவை உலுக்கிவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஃபஸீலா கேட்கவில்லை. பூ விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு புதன்கிழமை, நோயாளிகள் வரிசை நீண்டிருந்த நேரத்தில், ஃபஸீலாவின் கைப்பேசி அதிர்ந்தது. ஐந்து வருடமாக வராத எண். எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஃபஸீலா, நான் கமலா." குரல் படபடவென்று வந்தது. "நான் ஒண்ணும் பண்ணலை. சத்தியமா ஒண்ணும் பண்ணலை. உன் செடி ரெண்டும் சாயுது. நேத்து மத்தியானமே தலை தொங்கிச்சு, சாயங்காலம் நிமிந்துடுச்சு. தண்ணி பத்தலை போலன்னு இன்னைக்குக் கொஞ்சம் ஊத்தினேன். இப்பப் பாத்தா மொத்தமாத் தொங்குது. நான் ஊத்துனதுனாலன்னு நினைச்சுடாதே."

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று ஃபஸீலாவுக்குத் தெரியும்.

"நீங்க பண்ணலைன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றார். "சாயங்காலம் வந்து பாக்குறேன்."

சாயங்காலம் வந்து பார்த்தபோது செடிகள் பச்சையாகவே செத்திருந்தன. ஒரு இலைகூட மஞ்சளாகவில்லை. ஃபஸீலா வீட்டுக்குள் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் கத்தியும் கொண்டுவந்தார். தண்டை அடியில் வெட்டி, வெட்டிய முனையைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார். கமலா கதவைத் திறந்து வெளியே வந்து பக்கத்தில் நின்றார். சற்று நேரத்தில் தண்டிலிருந்து பால் போல ஒரு வெள்ளை நூல் தண்ணீருக்குள் மெதுவாக இறங்கியது.

"என்ன அது?" என்றார் கமலா.

"கிருமி. மண்ணுல இருந்து வேர் வழியா ஏறி, தண்ணி போற குழாயை அடைச்சுடும். எவ்வளவு ஊத்தினாலும் மேல ஏறாது. இந்த ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இது நல்லா வளரும். நீங்க ஊத்துனதுனாலயும் இல்ல, நான் ஊத்தாததுனாலயும் இல்ல."

கமலா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. செடிக்காக அழுகிற ஆள் இல்லை அவர்.

"காலையில போன் எடுக்கும்போது பயமா இருந்துச்சு" என்றார். "நான் பண்ணாத ஒண்ணுக்கு நீ என்னைத் தப்பா நினைச்சுடுவியோன்னு. அப்பத்தான் தோணுச்சு... ஏன் ஃபஸீலா, அன்னைக்கு நீ சொல்லலைதானே?"

"சொல்லலைக்கா."

"சரி" என்றார் கமலா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொல்லியிருந்தாலும் சரிதான். என் தட்டுல புழு இருந்துச்சுல்ல. இவருக்கு வந்ததுக்கு வேற யாரைப் போய்க் குத்தம் சொல்றது? என்னை நானே சொல்லிக்க முடியாம உன்னைப் பிடிச்சுக்கிட்டேன்."

உள்ளேயிருந்து சேதுபதி, "ரெண்டு பேரும் உள்ள வந்து பேசுங்களேன், டீ போட்டிருக்கேன்" என்றார். அன்று ஃபஸீலா வீட்டில் சமையல் தாமதமாயிற்று. ஜமால் முகம்மது வந்து பார்த்துவிட்டு, கீழே போய் நாசி கோரேங் வாங்கிக்கொண்டு வந்தார்.

மண்ணில் கிருமி இருந்தால் தக்காளி வேர் தாங்காது. கத்தரி வேர் தாங்கும். அதனால் கத்தரி நாற்றின் தலையை வெட்டிவிட்டு அதன்மேல் தக்காளித் தலையை ஒட்ட வைக்க வேண்டும். இதை ஃபஸீலா படித்து வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிராஞ்சியில் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனார்கள். அந்தப் பக்கம் பேருந்து எப்போதாவதுதான் வரும். நிறுத்தத்தில் வெயிலில் நின்று காத்திருந்து, கத்தரி நாற்றும் சுத்தமான மண்ணும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். வழி முழுக்கக் கமலா பேசிக்கொண்டே வந்தார். ஐந்து வருடச் செய்தி பாக்கி இருந்தது. மகள் திவ்யதர்ஷினிக்குக் குழந்தை பிறந்ததைக்கூட ஃபஸீலா மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டிருந்தார்.

முதல் தடவை ஒட்டியதில் ஒன்றுகூடத் தேறவில்லை. வெட்டு வாய் கறுத்து, தலை தனியாக விழுந்தது. கத்தரித் தண்டு தடிமன், தக்காளித் தண்டு மெல்லிசு, இரண்டும் பொருந்தவில்லை. அடுத்த தடவை கத்தரியை முன்னால் விதைத்து, தக்காளியைக் கணக்குப் பார்த்துப் பின்னால் விதைத்து, இரண்டும் ஒரே பருமன் வந்தபோது எடுத்தார்கள். கூர்மையான பிளேடால் ஃபஸீலா இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டினார். உறிஞ்சு குழலைத் துண்டாக்கி, நீளவாக்கில் கீறி, அதை வளையம் போல மாட்டி ஒட்டிப் பிடிக்க வைப்பது கமலாவின் வேலை. அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கமலா வீட்டுச் சமையலறை அலமாரிக்குள் இருட்டில் ஒரு வாரம். கமலா தினமும் திறந்து பார்த்துத் தண்ணீர் தெளித்து மூடுவார்.

"ஆப்பரேஷன் பண்ண பேஷண்டு மாதிரி பாத்துக்குறா. என்னை டெங்கியில இப்படிப் பாக்கலை" என்றார் சேதுபதி.

பாதிக்கு மேல் பிழைத்தன.

மழைக்காலம் தொடங்கி இரவுகள் கொஞ்சம் குளிர்ந்த நவம்பரில் பூ வந்தது. காலை ஒன்பது மணி வேலையை இந்தத் தடவை கேட்காமலே கமலா எடுத்துக்கொண்டார். கையால் உலுக்கினால் கொத்து ஒடிகிறது என்று, திவ்யதர்ஷினி அப்பாவுக்கு வாங்கித் தந்து அவர் தொடாமல் வைத்திருந்த மின்சாரப் பல்துலக்கியை எடுத்துவந்தார். காம்பின் பின்னால் வைத்து அழுத்தினால் 'ர்ர்ர்' என்று அதிர்ந்து மஞ்சள் தூள் புகையாக உதிரும். மழை பெய்கிற நாளில் செய்து பயனில்லை. காரிடாரில் போகிறவர்கள் நின்று, "ஆன்ட்டி, செடிக்குப் பல் விளக்குறீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாலா, காலையில விளக்கணும்ல" என்பார் கமலா.

பூ உதிர்ந்தது, காம்பு நின்றது. காம்பு நுனியில் மிளகு அளவு ஒரு பச்சை. அதைப் படம் எடுத்துக் கமலா மருந்தகத்துக்கு அனுப்பினார். ஃபஸீலா அதை அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். எனக்கும் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

காய்த்ததெல்லாம் கைக்கு வரவில்லை. சிலது அடிப்பக்கம் கறுத்து அழுகியது. நிறம் மாறியதை முதலில் கண்டுபிடித்தது மைனா. கடைசியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் நிறையக் கிடைத்தது. கோலிக்குண்டு அளவில், நல்ல சிவப்பு. கமலா வீட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

"தோல் தடிப்பா இருக்கு" என்றார் ஜமால் முகம்மது.

"இருக்கட்டும்" என்றார் ஃபஸீலா.

கொஞ்சத்தைப் பொட்டலம் கட்டித் தேக்காவுக்குக் கொண்டு போனார். முஆத் கடையிலேயே நின்று ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, கண்ணைச் சுருக்கினார். "கேமரன் தக்காளி பக்கத்துல இதை வச்சு விக்க முடியாது லாத்தா. ஆனா புளிப்பு நல்லா இருக்கு. மீனாணம் காய்ச்ச ஆகும்." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "எங்க லாத்தா தெம்பனிஸ்ல போட்டது" என்று ஒன்றைக் கொடுத்தார். ஃபஸீலா அதை மூன்று தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் கமலாவும் சேதுபதியும் வீட்டை விற்றார்கள். செம்பவாங்கில் மகள் வீட்டுக்குப் பக்கத்து புளோக்கில் சின்ன வீடு வாங்கியிருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்தியைச் சொன்ன அன்று ஃபஸீலாவுக்குக் கோபம் வந்ததாம். ஐந்து வருடத்தைப் பேசாமல் வீணாக்கிவிட்டு, பேசத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லையே என்று. பிறகு அவரே போய்ப் பெட்டி கட்ட உதவினார். காய்த்துக்கொண்டிருந்த தொட்டிகளில் பாதியை மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றினார்கள். சேதுபதி முன்னால் உட்காராமல், செடி ஒடிந்துவிடும் என்று பின்னால் தொட்டிகளோடு ஏறப் பார்த்தார். ஓட்டுநர் விடவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு சீனத் தம்பதி வந்திருக்கிறார்கள். ஃபஸீலா முதல் நாளே போய், இந்தத் தொட்டிகள் என்னுடையவை, வெயிலுக்காக இங்கே இருக்கின்றன, இடைஞ்சலாக இருந்தால் எடுத்துவிடுகிறேன் என்று நேரிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் பரவாயில்லை என்றார்கள். காலை ஒன்பது மணிக்கு அவர்களும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் வார நாளில் பூ விழுகிறது; சனி ஞாயிறு ஃபஸீலா உலுக்குவதில்தான் காய் பிடிக்கிறது.

கமலாவின் புது வீட்டில் மேற்கு வெயில். மத்தியானத்துக்கு மேல் சுடுகிறது. போன தடவை ஃபஸீலா என் கையில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசியில் கமலாவின் முகம் வந்தது.

"ஃபஸீலா, இலை அடியில வெள்ளை வெள்ளையா பூச்சி பறக்குது. தொட்டா மேல எழும்புது."

"நாலு இலையை ஒடிச்சுப் பையில போட்டுக் கட்டி எறிங்க. மிச்சத்துக்குச் சோப்புத் தண்ணி தெளிங்க, வெயில் இறங்கின பிறகு. இப்ப எனக்கு வேலை இருக்கு."

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஃபஸீலா வரிசையில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.